‘எளிதாக ஏறலாம்’: ஒரு வாக்கியத்தின் அரசியல்

1

ஜவ்வாது மலையைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் குறிப்புகளில் ஒரு வாக்கியம் அநேகமாகத் தவறாமல் வந்துவிடுகிறது: ‘எளிதாக ஏறலாம்.’ சில இடங்களில் அது ‘குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு எளிதாக ஏறலாம்’ என்று நீளும். அடுத்த வரியில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று ஓர் எண். அதற்கடுத்து பீமன் அருவி, ஜமுனாமரத்தூர்ப் படகுத்துறை, காவலூர் வானோக்கு நிலையம். கடைசியில் தேனும் சாமையும் எங்கே வாங்கலாம் என்ற தகவல். ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பட்டம் கிடைத்ததுபோல ஜவ்வாதுக்கும் சிலர் அதையே சூட்டிவிடுகிறார்கள். (ஊட்டி யாருடையது என்ற கேள்வி அந்தப் பட்டத்திலேயே அடங்கிப்போகிறது.)

இந்தக் கட்டுரை அந்த ஒற்றை வாக்கியத்தைப் பற்றியது. ‘எளிதாக ஏறலாம்’ என்பதில் எழுவாய் கிடையாது. யார் ஏறலாம் என்று அது சொல்வதில்லை. சொல்லாமலே நமக்குப் புரிந்துவிடுகிறது. கீழேயிருந்து வருகிறவன், வண்டி வைத்திருக்கிறவன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இறங்கிவிடப்போகிறவன் ஏறலாம். ஏறத் தேவையில்லாதவன்தான் இந்த வாக்கியத்தின் மறைந்திருக்கும் எழுவாய். மலையில் பிறந்தவரைப் பார்த்து ‘எளிதாக ஏறலாம்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சிரிப்பார்கள்.

எளிமை என்பது மலையின் குணமா? உயரம் குணம்தான், அளந்து காட்டலாம். பாறையும் சரிவும் குணங்கள்தான். எளிமையை எதை வைத்து அளப்பது? ஒரு மலை எளிதா அரிதா என்பது, அதைப் பற்றி யார் யாரிடம் எந்தத் தேவைக்காகப் பேசுகிறார்கள் என்பதில் உருவாகிறது. இதை நான் கோட்பாட்டு நூல்களிலிருந்து தருவிக்க வேண்டிய அவசியம் இல்லை. இதே மலையடிவாரத்தில் வைத்துச் சொல்லப்பட்ட ஒரு பழைய பிரதி நம்மிடமே இருக்கிறது. அதை நாம் தேர்வுக்குப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டோம்.

2

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். 583 அடிகள். பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாடப்பட்டவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம் என்று கொள்வது வழக்கம். ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரத்து ஊர் அது. பாட்டில் ஓடும் சேயாறு இன்றைய செய்யாறு. அது பிறப்பது ஜவ்வாதில். நவிரமலை எது என்பதில் பலரும் கைகாட்டுவது பக்கத்திலுள்ள பருவதமலையை. ஆக, இந்தப் பிரதியின் மண் இன்று நாம் ‘எளிதாக ஏறலாம்’ என்று எழுதுகிற அதே மண், அல்லது அதற்கு ஒரு நாள் நடை தூரத்து மண்.

நான் எம்.ஏ. தமிழ் படித்த வகுப்பில் மலைபடுகடாம் ஒரு பட்டியலாக வந்து சேர்ந்தது. இசைக்கருவிகளின் பட்டியல், மலையில் எழும் ஓசைகளின் பட்டியல், விருந்து உணவுகளின் பட்டியல். ‘கூத்தர் கொண்டுசென்ற கருவிகள் யாவை?’ என்று ஐந்து மதிப்பெண் கேள்வி. மலையை ஒரு யானையாகவும், அதில் எழும் ஓசையை யானையின் மதமாகவும் கண்டதால் இந்தப் பெயர் வந்தது என்று நச்சினார்க்கினியர் உரையை ஒட்டி ஒரு பத்தி எழுதினால் போதும். உ.வே.சா. 1889இல் பத்துப்பாட்டை அந்த உரையோடு அச்சில் கொண்டுவந்தபோது நமக்குத் திரும்பக் கிடைத்த ஒரு பிரதி, வகுப்பறையில் விடைத்தாளாகச் சுருங்கிப்போனது. மலை ஏறுவது எப்படி என்று ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்லும் பேச்சு அது என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அப்படித்தான் அது அமைந்திருக்கிறது. நன்னனிடம் பரிசில் வாங்கித் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கூத்தர் குழுவைச் சந்திக்கிறான். வழி சொல்கிறான். குழுவில் ஆண்கள், நடந்து களைத்த விறலியர், முதுகில் மூட்டை கட்டிய கருவிகள் எல்லாம் உண்டு. அவன் ‘எளிது’ என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான். தினைப்புனத்தில் பன்றிக்குக் கற்பொறி வைத்திருப்பார்கள், அதனால் இருட்டில் நடக்காதீர்கள், விடிந்தபின் புறப்படுங்கள். குழிகளில் பாம்பு ஒடுங்கிக் கிடக்கும். விறலியர் கைகூப்பட்டும், நீங்கள் குறிப்பாகப் பார்த்துக் கடந்துபோங்கள். யானையை விரட்டப் புனங்காவலர் கவண்கல் எறிவார்கள், அது எமனைப்போல வரும், மரத்தின் பின்னே மறைந்து போங்கள். பாசி படிந்த சுனை ஓரம் காலை வாரிவிடும், பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொண்டு நடங்கள். இருட்டிவிட்டால் குகையில் தங்குங்கள். வழி தவறிவிட்டால் பயப்பட வேண்டாம். அகன்ற பாறை ஒன்றில் கூடி நின்று உங்கள் கருவிகளை வாசியுங்கள், புனம் காப்பவர்கள் கேட்டு ஓடிவந்து, பழம் கொடுத்து வழிகாட்டுவார்கள்.

இரண்டு இடங்களை மட்டும் தனியாக எடுத்துக்கொள்கிறேன். ஒன்று: சரிவில் தேனடை கண்ணில் பட்டாலும் சட்டென்று நிமிர்ந்து பார்க்காதீர்கள், வரிசையாக நடக்கிற உங்கள் மெல்லிய அடிகள் வழி மாறிவிடும் என்று அவன் சொல்வது. இன்றைய பயணக் குறிப்பு முழுக்கவும் ‘பாருங்கள், பாருங்கள்’ என்ற கட்டளையால் ஆனது. காட்சி முனை என்று கம்பி போட்டு இடமே ஒதுக்கிவிட்டோம். பழைய பிரதியிலோ பார்ப்பது காலோடு கட்டிப்போட்ட வேலை. கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கண் மேலே போகக்கூடாது. அங்கே மலை இன்னும் காட்சியாக ஆகவில்லை.

இரண்டாவது: வழி பிரிகிற இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் இடச் சொல்வது. அந்த இடத்துக்குப் புதியவர்கள் குழம்பாமல் இருக்க, பிரிவழியைத் துடைத்துவிட்டு, போகிற வழியில் புல்லை முடிந்து வையுங்கள் என்கிறான். முன்னால் போகிறவன் பின்னால் வருகிறவனுக்கு எழுதும் எழுத்து இது. உயரத்தை அது குறிக்கவில்லை; ‘இங்கே நான் வந்தேன்’ என்று பாறையில் பெயர் பொறிக்கும் தற்பெருமையும் அதில் இல்லை. அடுத்த மழையில் புல் வளர்ந்து முடிச்சு போய்விடும். அதற்குள் வருகிறவன் பிழைத்துக்கொள்வான். பயண எழுத்து என்ற வகைமைக்குத் தமிழில் ஒரு தொடக்கம் தேட வேண்டுமென்றால், நான் இந்தப் புல்முடிச்சைத்தான் காட்டுவேன்.

3

இப்படிச் சொன்னவுடன் ‘அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது’ என்ற பொற்காலப் பேச்சுக்குள் விழுந்துவிடும் அபாயம் உண்டு. மலைபடுகடாம் அப்பாவியான பிரதி அல்ல. எல்லா வழிகளும் நன்னனின் வாசலில் போய் முடிகின்றன. குறவர் சிறுகுடிகளில் கூத்தருக்குக் கிடைக்கும் தினைச்சோறும் இறைச்சியும் தேனும் நன்னன் பெயரைச் சொன்னால் கிடைப்பவை. ‘நாங்கள் நன்னனின் கூத்தர்’ என்றால், சொந்த வீட்டுக்குள் போவதுபோல் தயங்காமல் நுழையலாம். விருந்தோம்பல் என்று நாம் பாராட்டுவதற்குப் பின்னால், மலையையும் அதன் விளைச்சலையும் தன் ஆளுகைக்குள் கொண்டுவந்துவிட்ட ஒரு வேளிர் அதிகாரம் இருக்கிறது. மலை மக்கள் அங்கே உபசரிக்கிறார்கள், வழிகாட்டுகிறார்கள். ஆனால் பேசுகிற இடம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. பேசுபவன் கூத்தன். கேட்பவன் கூத்தன். கேட்டு மகிழ வேண்டியவன் நன்னன்.

ஆனாலும் அந்தப் பிரதிக்கு ஒரு விரிசல் இருக்கிறது. மலையில் எழும் ஓசைகளை அடுக்கும்போது, புகழ்ச்சிக்கு உதவாத ஓசைகளும் அதற்குள் வந்துவிடுகின்றன. புலி கீறிய கணவனின் புண்ணை ஆற்றக் கொடிச்சியர் பாடும் பாட்டு, தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு, யானையைப் பிடிக்கிறவர்களின் ஆரவாரம். அருவி ஓசைக்கும் இவற்றுக்கும் ஒரே வரிசையில் இடம் கொடுத்திருப்பதை, மலைவாழ் மக்களை இயற்கையோடு இயற்கையாகக் கரைத்துவிட்டதாகவும் வாசிக்கலாம். நான் வேறு மாதிரி வாசிக்கிறேன். புலி கீறிய புண் அந்த மலை யாருக்கு அரிதாக இருந்தது என்பதற்கு எழுதப்பட்ட சாட்சி. கடாம் என்பது யானைக்கு மதம். அதன் பக்கத்தில் இருப்பவனுக்கு ஆபத்து.

குறிஞ்சித் திணைப் பாடல்களிலும் இதே அளவுகோல்தான். இரவுக்குறிக்கு வரும் தலைவனின் மலைவழி எவ்வளவு கொடியது என்று தலைவன் தன் வாயால் பெருமையடித்துக்கொள்வது அரிது. ‘இப்படி ஒரு வழியில் வராதே’ என்று தோழியோ தலைவியோ அஞ்சுகிறாள். பாம்பும் புலியும் சரிவும் அவளுடைய அச்சத்தின் வழியாகவே நமக்குத் தெரியவருகின்றன. நடக்கிறவனின் சாகசத்தால் அளக்காமல், அவனுக்காகக் காத்திருப்பவளின் பயத்தால் மலையை அளந்த மரபு இது. இன்று ஒரு மலையின் எளிமையைப் பற்றி எழுதுகிறவர்களில் யாராவது, அந்த மலைக்கு யார் திரும்பி வருவதற்காக யார் விழித்திருக்கிறார்கள் என்று கேட்டதுண்டா?

4

மலையின் மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டுமே மலை ஏறுவது நமக்கு இரவல் வந்த பழக்கம். ஐரோப்பாவில் அதன் தோற்றக் கதையாக அடிக்கடி சொல்லப்படுவது இத்தாலியக் கவி பெட்ரார்க் 1336 ஏப்ரல் 26 அன்று தெற்குப் பிரான்சின் வான்தூ மலையில் ஏறியதைப் பற்றி எழுதிய கடிதம். அந்த உயரத்தைப் பார்க்கும் ஆசை ஒன்றே காரணம் என்கிறார். கடிதத்தைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அவர் இன்றைய வடிவில் எழுதியிருப்பார் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அதனால் அதை நடந்ததன் பதிவாக எடுத்துக்கொள்வதைவிட ஒரு புனைவாக வாசிப்பதே நல்லது.

அந்தப் புனைவில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் தம்பி. அவர் செங்குத்தான வழியில் நேராக ஏறிவிடுகிறார். பெட்ரார்க்கோ எளிய வழி தேடிப் பள்ளங்களில் சுற்றிச்சுற்றிக் களைத்துப் போகிறார். உடனே அது ஆன்மாவைப் பற்றிய பாடமாகிவிடுகிறது: எளிய வழி தேடும் மனம் மேலே போகாது. உச்சியில் அகஸ்டீனின் நூலைத் திறந்தால், மலையை வியக்கும் மனிதர்கள் தங்களை மறந்துவிடுகிறார்கள் என்ற பொருளுள்ள இடம் கண்ணில் படுகிறது. மலை போய்விட்டது, மனசாட்சி வந்துவிட்டது. இன்னொருவர், அடிவாரத்தில் சந்திக்கிற வயதான மேய்ப்பர். ஐம்பது வருடத்துக்கு முன் அவர் அந்த உச்சிக்குப் போயிருக்கிறார். உடம்பும் துணியும் முள்ளில் கிழிந்ததைத் தவிர அதனால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, போகாதீர்கள் என்று கூப்பிட்டுச் சொல்கிறார். அதாவது உச்சிக்கு முதலில் போனவர் மேய்ப்பர்தான். வரலாற்றில் இடம் பிடித்ததோ எழுதத் தெரிந்தவர். நம் கூத்தன், எதிரே வந்தவர்கள் தன் சொல்லைக் கேட்பார்கள் என்று நம்பி எச்சரித்தான். பெட்ரார்க்கின் மேய்ப்பரோ கேட்காமல் தாண்டிப் போவதற்காகவே பிரதியில் நிறுத்தப்பட்டிருக்கிறார்.

அயர்லாந்தின் டப்ளினில் பிறந்த எட்மண்ட் பர்க் 1757இல் இதற்கு ஒரு கோட்பாடே எழுதினார். அச்சம் மிக அருகில் வந்து நெருக்கினால் வேதனை; கொஞ்சம் தள்ளியிருந்தால் அதுவே ஒருவகை இன்பம். மலையும் கடலும் மேன்மையுணர்வு தருவது இந்தத் தூரத்தால் என்பது அவர் வாதம். சுற்றுலா என்ற தொழிலின் முழுச் சூட்சுமமும் இந்தத் தூரத்தில் இருக்கிறது. ‘எளிதாக ஏறலாம்’ என்ற வாக்கியம் விற்பது மலையை அல்ல. அது விற்பது தூரத்தை.

அதோடு வந்த இன்னொன்று எண். 1802இல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவைப் பணி மலைகளைக் கோணங்களாகவும் உயரங்களாகவும் மாற்றியது. அயர்லாந்தில் 1824இல் அதேபோன்ற பெரிய நில அளவைப் பணி தொடங்கியது. இரண்டுக்கும் உறவு உண்டு. அயர்லாந்தில் கோல்பி உருவாக்கிப் பயன்படுத்திய அளவுக் கட்டைகளைத்தான் எவரெஸ்ட் 1830இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். அயர்லாந்தின் சிறுசிறு குன்றுகளின் ஐரிஷ் பெயர்கள் ஆங்கில வாய்க்கு ஏற்றபடி மாற்றி எழுதப்பட்டதைத்தான் பிரையன் ஃப்ரீல் 1980இல் ‘மொழிபெயர்ப்புகள்’ நாடகமாக்கினார். அளக்க வந்தவன் மலையின் பெயரைச் சரியாக உச்சரிக்க வேண்டியதில்லை. ஜவ்வாது, ஜவாது, சவ்வாது என்று நாம் இன்றுவரை மாற்றி மாற்றி எழுதுகிறோம். பெயரில் நிச்சயம் இல்லை. மீட்டரில் மட்டும் எல்லோரும் கறாராக இருக்கிறோம்.

5

போன குளிர்காலத்தில் ஜமுனாமரத்தூருக்கு ஆலங்காயம், காவலூர் வழியாகப் போனேன். காவலூரில் காட்டுக்கு நடுவே, 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானோக்கு நிலையம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு சின்னக் குன்று. பெயர் தேவையில்லை, எங்கும் உள்ளதுபோல ஒரு குன்று. ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். சாமை அறுத்த கொல்லைகள், பலா மரங்கள், நடுவே ஒற்றையடிப் பாதை. கூட வந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். தலையில் ஒரு மூட்டை. எனக்கு மூச்சு வாங்கியது, அவருக்கு இல்லை. ‘தினமும் இந்த மலைய ஏறுவீங்களா அய்யா?’ என்று கேட்டேன்.

‘நாங்க எங்க தம்பி மலை ஏறுறோம்? வூட்டுக்குப் போய்க்கினு இருக்கறோம். எறங்கறதுதான் எங்களுக்குக் கஷ்டம். ஆஸ்பத்திரிக்கு எறங்கணும், ரேசனுக்கு எறங்கணும், கேசுன்னா கோர்ட்டுக்கு எறங்கணும்.’

அவர் தத்துவம் பேசவில்லை, தகவல் சொன்னார். ‘ஏறுதல்’ என்ற வினைச்சொல்லே கீழ்நாட்டின் சொல் என்பது அந்தத் தகவலில் இருந்தது. ஏறுவது எனக்கு ஒரு நிகழ்ச்சி. அவருக்கு நிகழ்ச்சி இறங்குவதில்தான், அதுவும் அரசு அலுவலகத்தின் முன்னால் போய் நிற்கும் நிகழ்ச்சி.

அதற்காக அவர்களை மலையோடு முளைத்தவர்கள் என்றும் எண்ணிவிடக் கூடாது. இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளும் கீழ்நாட்டார் இன்றும் உண்டு.) காஞ்சிபுரத்திலிருந்து மலைக்கு வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில், மூன்று அண்ணன் தம்பிகள் பிரிந்து சேர்வராயன், கொல்லி, பச்சைமலைகளுக்குப் போன கதை பதிவாகியிருக்கிறது. ஜவ்வாதிலும் காஞ்சியைச் சொல்லும் கதைகள் இருக்கின்றன. கதையின் வரலாற்று உண்மை எவ்வளவு என்பது என் விஷயம் அல்ல. மலை ஏறிய கதை அவர்களிடமும் இருக்கிறது என்பதுதான் விஷயம். அது இறங்கத் தேவையில்லாமல் ஏறிய கதை, தங்குவதற்காக ஏறியது. நம் பயண எழுத்தாளர்கள் அவர்களைக் காட்டின் அழகோடு சேர்த்து வர்ணிக்கும்போது, அவர்களுக்கு இருக்கிற இந்த வரலாறு கழன்று விழுந்துவிடுகிறது.

இந்த மலைக்காரர்களின் ஏற்றம் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது ஒரு தடவை. 2015 ஏப்ரல் 7. ஆந்திரத்தின் சேஷாசலக் காடுகளில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களை அம்மாநிலத்தின் அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. கொல்லப்பட்டவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். கல்லாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல் துறை. பேருந்திலிருந்து இறக்கிக் கூட்டிப்போய்க் கொன்றார்கள் என்று மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. இங்கே நான் சொல்ல வருவது ஒன்றுதான். தரகர்கள் ஏன் இந்த மலைகளுக்கு ஆள் தேடி வருகிறார்கள்? சரிவில் ஏறவும் காட்டில் நடக்கவும் மரம் வெட்டிச் சுமக்கவும் பழகிய உடம்புகள் இங்கே மலிவாகக் கிடைக்கின்றன. மலையில் எளிதாக நடக்கும் திறமையே விற்பனைக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு எளிது என்பதால்தான் அவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டார்கள். சேஷாசலமும் ஜவ்வாதைப் போலக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டுதான். கல் ஒன்று, சரிவு ஒன்று. ஒரு மலையில் வீட்டுக்குப் போகிறவன் இன்னொரு மலையில் பிணமாகக் கிடந்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் அல்லேரி மலை. ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை சரியில்லாததால் மருத்துவமனைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை, குழந்தை இறந்துவிட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது. மீதித் தூரம் அந்தத் தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்து மலை ஏறினார்.

மலைபடுகடாத்தின் கூத்தன் பாம்பைப் பற்றி எச்சரித்தான் என்பது இந்த இடத்தில் வேறு மாதிரி ஒலிக்கிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருடம் கழித்தும் பாம்பு அதே குழியில் இருக்கிறது. மாறியது, எச்சரிப்பவனின் இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பவன் எழுதும் வாக்கியம்தான். வனநிலத்தில் சாலை போட 1980ஆம் ஆண்டின் சட்டப்படி அனுமதி வேண்டும், அதற்குக் கோப்பு நகர வேண்டும் என்கிறார்கள். நியாயம்தான், காடு அழியக் கூடாது. ஆனால் கோடை விழாவுக்குப் போகும் சாலையைப் பற்றி இந்தப் பேச்சு எழுவதில்லை. எந்தச் சாலை ‘வளர்ச்சி’, எந்தச் சாலை ‘காட்டழிப்பு’ என்பதை, அதில் ஏறுகிறவர் யார் என்பது தீர்மானிக்கிறது. அல்லேரியில் அந்தத் தாய் ஏறிய மலையும் மீட்டர் கணக்கில் உயரமான மலை ஒன்றும் இல்லை. பயணக் குறிப்புக்காரர் அங்கே போயிருந்தால் அதையும் ‘எளிதாக ஏறலாம்’ என்றுதான் எழுதியிருப்பார்.

6

‘அப்ப என்ன, யாரும் மலைக்குப் போகக் கூடாதா? குழந்தைகளுக்கு ஓர் அருவியைக் காட்டுவதிலும் அரசியலா?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போகலாம். நானும் போவேன். அருவி அழகுதான். சாமைச் சோறும் தேனும் வாங்கிச் சாப்பிடுகிற கீழ்நாட்டான் கொடுக்கும் காசு யாருக்காவது உதவவும் செய்கிறது. நான் விவாதிப்பது போவதைப் பற்றி அல்ல, போய்வந்து எழுதுவதைப் பற்றி. ஒரு விமர்சகனுக்கு வாக்கியங்கள்தான் கையில் உள்ள பொருள்.

பயண எழுத்து நம்மிடம் இலக்கியமாக மதிக்கப்படுவதில்லை, அதனால் விமர்சனத்துக்கும் தப்பிவிடுகிறது. நாவலில் ஓர் ஆதிவாசிப் பாத்திரம் தட்டையாக இருந்தால் பத்துப் பக்கம் எழுதுகிறோம். ஞாயிறு மலரில் ஒரு மலையே ஆளில்லாமல் வர்ணிக்கப்பட்டால் புரட்டிவிட்டுப் போகிறோம். இன்று காணொளிகளில் அதே வாக்கியம் பின்னணி இசையோடு வருகிறது. இவற்றையும் பிரதிகளாக எடுத்து வாசிக்க வேண்டும். எழுவாய் எங்கே காணாமல் போகிறது, எண் எதை மறைக்கிறது, மலையில் இருப்பவர்கள் தேன் விற்பவர்களாக மட்டும் ஏன் வருகிறார்கள் என்று கேட்க வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு இதில் ஒரு கடமையும் உண்டு. ஆற்றுப்படை என்ற வகைமையைப் ‘பரிசில் பெற்றவன் பெறாதவனை ஆற்றுப்படுத்துவது’ என்று மனப்பாடம் செய்துவிட்டோம். ஒரு வழியைக் கடந்தவன், அதே வழியில் அதே வறுமையோடு வரப்போகிறவனிடம் காட்டும் பொறுப்பு என்று அதை எடுத்துப் பேசினால், இன்றைய பயண எழுத்தை அளக்க ஒரு கோல் கையில் கிடைக்கும்.

இன்னும் ஒரு படி போகலாம். ஆற்றுப்படையில் பேசாமல் போன குறவர்கள் இன்று பேசுகிறார்கள். மலையிலிருந்து படித்து வந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் கீழே கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதும்போது அது ‘மலை ஏறிய அனுபவம்’ என்ற தலைப்பில் வராது. இறங்கிய அனுபவமாக வரலாம். விடுதியில் ‘எந்த ஊர்?’ என்று கேட்கப்பட்ட அனுபவமாக வரலாம். சேஷாசலத்துக்குப் போய்த் திரும்பாத ஒருவருக்காக விழித்திருந்த வீட்டின் இரவாகவும் வரலாம். செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களை மாநிலத் தொல்லியல் துறை 1972இல் தொகுத்து வெளியிட்டது. மாடு பிடிச் சண்டையில் செத்த வீரன் பெயர்கூட கல்லில் இருக்கிறது. மலைபடுகடாத்தின் கூத்தரும் வழியில் அப்படிப்பட்ட கற்களைக் கண்டால் கருவி வாசித்துத் தொழுதுவிட்டே போகும்படி சொல்லப்படுகிறார்கள். 2015இல் செத்தவர்களுக்கு அந்த வழியில் எந்தக் கல்லும் இல்லை. அடுத்த தரகன் வரும்போது அவன் காட்டும் வழியில் போகாதே என்று சொல்ல, பிரிவழியில் யாராவது ஒரு புல்லையாவது முடிந்து வைத்திருக்க வேண்டும். அந்த வேலையை எழுத்து செய்யலாம் என்றுதான் நான் இன்னும் நம்புகிறேன்.